மில் அக்காவின் ஒலிச்சோதனை

நான் எழுதிக் கொடுத்த தாளை மில் அக்கா பிடித்திருந்த விதம் இன்றும் கண்முன் நிற்கிறது. ஓரமெங்கும் மஞ்சள் விரல் தடங்கள். முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். முதன்முறை மைக் முன் அமர்பவருக்கு அது இயல்பு என்று தேற்றினேன். சொற்போர்களில் கோப்பைகள் வென்ற கர்வம் எனக்கு.

மலேசியாவின் ரந்தாவ் ஊரில் அவர் நடத்திய மசாலா மில்லுக்குச் சுற்றுத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் வறுத்த மல்லியும் மிளகாயும் கொண்டுவந்து அரைத்துப் போவார்கள். பாக்கெட் மசாலா வந்தபின் கூட்டம் தேய்ந்தது. தீபாவளிக்குள் ஆள் வராவிட்டால் இயந்திரத்தை விற்றுவிட்டு ஜொகூரில் இருக்கும் மகளிடம் போக வேண்டியதுதான் என்றார். போக அவருக்கு விருப்பமில்லை. சிறுதொழில் செய்வோரை அழைத்துப் பேசும் பாட்காஸ்ட் ஒன்றை நான் நடத்திவந்தேன். விருந்தினராக வரச் சொன்னேன்.

“நான் பேசுனா யாரு தம்பி கேப்பா? மெசின் சத்தத்துல கத்திக் கத்தித் தொண்ட லோரி மாதிரி ஆயிருச்சு லா.”

விளம்பரம் கடையைக் காட்டும். உரையாடலோ கடைக்காரரைக் காட்டும். அரை மணி நேரம் ஒரு குரலைக் காதருகே கேட்டவர், தெரிந்தவரைத் தேடி வருவதுபோல வருவார். ஒருமுறை பதிந்த பேச்சு, கடை பூட்டியிருக்கும்போதும் புதியவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும். இப்படியெல்லாம் வாதிட்டு அவரை இணங்கவைத்தேன். வாதம் சரிதான். வாதிட்டவன்தான் அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் அவர் குரலை அப்படியே விட்டிருப்பேன். “பெருமதிப்பிற்குரிய நேயர்களே” என்று தொடங்கும் உரையை எழுதி, மூன்று மாலைகள் ஏற்ற இறக்கத்தோடு பயிற்றுவித்தேன்.

நிகழ்ச்சி வெளியானதும் பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்தார்: “என்னக்கா, எலெக்சன்ல நிக்கிறியா? ஒரு கப் தே தாரிக் வாங்கிக் குடு, ஓட்டுப் போடறேன்.” புதிதாக ஒருவரும் வரவில்லை. தீபாவளி முடிந்து இயந்திரத்தை லோரியில் ஏற்றிய அன்று அக்கா என்னிடம், “நீ நல்லாத்தான் எழுதிக் குடுத்த தம்பி. எனக்குத்தான் பேச வரல” என்றார். அப்போது நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பழைய பதிவுகளைத் துழாவியபோது அக்காவின் பேட்டிக்கு முன் மைக்கைச் சரிபார்க்க எடுத்த ஒலிச்சோதனை அகப்பட்டது. காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.

“வெரதக்கார வீட்டு சாம்பார்த் தூளு வந்துச்சு. அதுக்கு முன்னுக்குக் கறி மசாலா அரைச்சிருந்தேன். அதான் நடுவுல ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டுனேன். ஒரு வீட்டு வாசம் அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது பாரு. அந்த மாவ எல்லாம் சேத்து வச்சு நான் அடை சுட்டுக்குவேன். ஊரே எங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.”

அடுத்து என் குரல் குறுக்கிடுகிறது: “போதும் அக்கா. இனி முறையாகப் பேசத் தொடங்கலாம்.”

அந்தப் பகுதியை வெட்டாமல் வெளியிட்டேன். விசாரிப்புகள் வந்தபடி இருந்தன. பக்கத்து ஊரான ரெம்பாவிலிருந்து ஒரு பெண்மணி கேட்டார்: “தம்பி, அந்த அக்கா மில்லு எந்த ஜாலான்ல, எந்த ரோட்டுல இருக்கு? மல்லி வறுத்து வச்சிட்டேன். அவங்கதான் அரைக்கணும்.” மில் மூடிவிட்டதை எழுதினேன். “இத முன்னுக்கே போட்டிருக்கலாமே” என்று பதில் வந்தது.

அக்கா தாமாகத் தேடிப் பாட்காஸ்ட் கேட்கிறவர் அல்லர். நான் அனுப்பினால்தான் உண்டு. கேட்டால் தமக்குப் பேச வரும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மில் எவனால் போயிற்று என்பதும் தெரிந்துவிடும். அவருடைய ஜொகூர் எண் என்னிடம் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.