முதல்ல அவங்க கூப்பிடட்டும்

கிளினிக் வேலை என்றால் டோக்கன் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது என்று நம்பிச் சேர்ந்தவள் நான். நீங்களும் இப்படி எங்கேயாவது மாட்டியிருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு ஆரணியில் எங்கள் தெரு டாக்டரிடம் சேர்ந்தேன்.

எங்களிடம் வருபவர்களில் ஒருவர் பட்டுத்தறி நெய்கிற சரஸ்வதி அக்கா. மார்பில் புற்றுநோய். கீமோ சென்னையில். அங்கே கீமோவோடு யோகா, சாப்பாடு, சித்த மருந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கத் தனிப் பிரிவு, அதற்கு ஒரு டாக்டரம்மா. பிரஷருக்கு மட்டும் எங்கள் டாக்டர். உடம்பு தாங்காமல் ஏற்கெனவே ஒரு கீமோ தள்ளிப்போயிருக்கிறது. இன்னொன்று தள்ளிப்போகக் கூடாது. அதற்கு இரண்டு டாக்டரும் ஒரு தடவை போனில் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

தூங்குகிற நேரம்

டாக்டரம்மா போனில் கிடைப்பது மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை. எங்கள் டாக்டர் சாப்பிட்டு மாடியில் படுத்தால் எழுவது ஐந்துக்கு. வேறு நேரம் கிடைக்குமா என்று சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டேன். எடுத்த பெண் சொன்னாள்: "உங்க டாக்டரை ஒரு நாளைக்குத் தூங்காம இருக்கச் சொல்லேன்மா."

மரியாதை

சரி, எழுப்பட்டுமா என்று டாக்டரிடமே கேட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு இத்தனை வருஷமாக வைத்தியம் பார்ப்பவர் அவராம், நேற்று வந்தவர்கள்தான் அவரை விசாரிக்க வேண்டுமாம். அங்கே கேட்டால், குடும்ப டாக்டர்தான் முதலில் பேச வேண்டுமாம். இதையும் வந்து சொன்னேன். "நான் என்னா பொண்ணு வீடா, முதல்ல போய் நிக்கறதுக்கு?" என்றார்.

ரெண்டு மாத்திரை

கீமோவில் பிரஷர் இறங்கியதால் டாக்டரம்மா பழைய மாத்திரைக்குப் பதில் பவர் குறைவாக வேறு ஒன்று கொடுத்திருக்கிறார். எங்களுக்கு யார் சொன்னார்கள்? அக்காவின் வீட்டுக்காரர் வந்து பிரஷர் மாத்திரை கேட்டதும், டாக்டர் வழக்கம்போல் பழையதையே எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா இரண்டையும் விழுங்கியிருக்கிறார். கீமோவுக்கு முந்தின நாள் தறியில் உட்கார்ந்தபடியே மயங்கிச் சாய்ந்துவிட்டார். வீட்டுக்காரர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கண் முழித்ததும், எதற்கு இரண்டையும் போட்டீர்கள் என்று நான் கத்தியதற்கு அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தர் குடுத்தத உட்டா அவரு மனசு கோணிக்குமேம்மா."

ஸ்பீக்கர்

அப்போது மணி மூன்று. டாக்டரை எழுப்பிக் கீழே கொண்டுவந்தாயிற்று, டிரிப்ஸும் ஏறிக்கொண்டிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. என் போனில் சென்னையைப் பிடித்து, டாக்டரம்மா லைனில் வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டு டாக்டர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். முறைத்தார். அப்புறம் வணக்கம் மேடம் என்றார். இரண்டு மாத்திரையும் இப்போதைக்கு வேண்டாம், காலையில் பிரஷர் பார்த்து, சரியாக இருந்தால் கீமோவுக்கு அனுப்பலாம் என்று முடிவானது. வாங்கி வைத்த டீ ஆறவில்லை, பேச்சு முடிந்துவிட்டது.

காலையில் பிரஷர் சரியாக இருந்தது. சென்னைக்குக் கிளம்பும்போது அக்கா என்னிடம் கேட்டார்: "ரெண்டு பேரும் எவ்ளோ தன்மையா பேசிகினாங்க. அப்புறம் எதுக்கும்மா இத்தினி நாளா நம்மள நடுவுல உட்டு ஓட வச்சிகினு இருந்தாங்க?"

இப்போது மூன்று மணிக்கு மாடியேறி டாக்டரை எழுப்புவதும் என் வேலை, சம்பளம் மட்டும் டோக்கன் கொடுப்பதற்குத்தான்.