மீன்பெட்டிக்குள் ஒரு அடைகோழி

என்னைப் போன்ற மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகவே கண்டுபிடித்ததுபோல் பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடாது. சித்திரை வெயிலுக்குத் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்து வளர்ந்த திருச்சுழிப் பக்கத்துக்காரன், பனி கொட்டும் ஓர் ஊரில், சுவரின் அடியோரம் நீளமாகப் படுத்துக் கிடக்கும் மின்சார ஹீட்டருக்கு, சூடு ஏறினால் அணைத்து இறங்கினால் எரியவைக்கும் தெர்மோஸ்டாட்டை நானே மாட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஆள் கூப்பிடலாம் என்றாள் மனைவி. கூப்பிட்டால் என் மானம் என்னாவது? மெயினை அணைத்து, ஒயரை முறுக்கி, மூடியைத் திருகி, மீண்டும் மெயினைப் போட்டால், 'டக்' என்று எரிந்தது. நான் நிமிர்வதற்குள் 'டக்' என்று அணைந்தது. பிள்ளைகள் இரண்டும் எதிர்ப்பக்கம் ஜன்னலோரக் கட்டிலில் கம்பளிக்கு வெளியே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு என்னை முறைத்தன. கழற்றினேன், மாட்டினேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். கருவியே கோளாறு என்று கடையில் சண்டை போட்டு வேறொன்று வாங்கி வந்தேன். அதுவும் 'டக்'.

அந்தச் சத்தம் எனக்குப் பழைய சத்தம்.

நான் எட்டாவது படித்த வருஷம் வெள்ளைக்கழிச்சல் வந்து எங்கள் தெருக் கோழிகளை வாரிக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் மிஞ்சியது அக்காவின் செம்பி மட்டும். உள்வீட்டு மூலையில் பதினொரு முட்டைமேல் 'அடை' கிடந்ததால் தப்பியது. நோயிடம் தப்பியதை ஒரு மத்தியானம் கீரி வந்து முடித்துவிட்டுப் போனது. முட்டைகளை மாற்றி வைக்கத் தெருவில் வேறு அடைகோழி கிடையாது. "இனி இந்த வீட்டுல கோழிச் சத்தமே கேக்காது" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். அக்கா முட்டைகளை மடியில் அடுக்கி, தாவணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவும் முடியாது, எழுந்தால் முட்டை ஆறிவிடும். அவள் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் களத்தில் குதித்தேன்.

கரண்டைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது, தொட்டால் உதறும் என்பது மட்டுமே. ஆனால் அய்யாவின் இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தன்னால் 'டக்'கென்று அணைவதைக் கவனித்திருந்தேன். பெட்டியைப் பிரித்து அந்த 'டக்'கைப் பிடுங்கினேன். அதன் திருகாணியைத் திருகித் திருகி, லேசான சூட்டுக்கே அணையும்படி பழக்கினேன். காரியாபட்டிச் சந்தையில் மீன் வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்று கிடைத்தது. ஒரு ஓரத்தில் குண்டு பல்பு, பல்பை ஒட்டி 'டக்', மறு ஓரத்தில் முட்டைகள். முட்டைகளுக்கு நடுவே அம்மா, எல்லா அடைக்கூடையிலும் வைப்பதுபோல் ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் வைத்தாள். அவை இல்லாவிட்டால் இடி இடிக்கும்போது முட்டை கலங்கிப் போகுமாம். அய்யா மட்டும், "நாளைக்குக் கல்யாண வீட்டுல, மாட்டு வாயிலருந்து சட்டையப் புடுங்கிட்டு வந்தீகளான்னு கேப்பாகடா" என்று புலம்பினார்.

பல்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. சூட்டில் கிளம்பிய மீன்வாடைக்குத் தெருப் பூனைகளெல்லாம் வாசலில் கூடிவிட்டன. அவற்றை விரட்ட ஓடுவேன், பல்பைப் பார்க்க ஓடிவருவேன். என் அறிவு கடைசியில் ஆணியைக் குற்றவாளியாகப் பிடித்தது.

"இரும்புதாம்மா கரண்ட இழுக்குது."

"ஆணியத் தொட்டேன்னா ஒன் கைய முறிச்சு அடுப்புல வச்சுருவேன்."

அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்துவிட்டேன். அப்போதும் 'டக்'. அன்றைக்கென்று பார்த்து மேற்கே வானம் உறுமியது. ஊரே அண்ணாந்து கும்பிட்டுக்கொண்டிருக்க, அந்தக் கரிசக்காட்டில் மழையைத் திட்டிய ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். அம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்து, ஆணியை மறுபடி உள்ளே வைத்தாள்.

அக்கா ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்ணிமைமேல் வைத்துப் பார்த்தாள். அப்படித்தான் எங்கள் பக்கம் முட்டையின் சூடு பார்ப்பார்கள்.

"சில்லுன்னு இருக்குலே" என்றாள். பிறகு பல்புப் பக்கம் கையை நீட்டி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அறிவு கெட்டவனே, இத பல்பு மூக்குலயா வைப்ப? அதுக்கு வேர்த்ததும் அணைச்சுப்புடுது. முட்டைக்கு வேர்க்குதான்னு யாரு பாக்குறது?"

ஒயரை இழுத்து, 'டக்'கைப் பல்பிலிருந்து தூக்கி முட்டைகளின் நடுவில், அம்மாவின் ஆணிக்குப் பக்கத்தில் வைத்தாள். பல்பு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. அணையவே இல்லையே என்று இப்போது அதற்கும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முட்டைகளுக்குச் சூடு ஏறிய பிறகுதான் 'டக்' கேட்டது.

நாலு குஞ்சுகள் பொரித்தன. மற்றவை கூழைமுட்டையாகிவிட்டன. தாய் யாரென்று தெரியாத அந்த நாலும் அக்காவைத் தாயென்று முடிவுகட்டி, அவள் பள்ளிக்கூடம் கிளம்பினால் பஸ் நிற்கும் இடம்வரை வரிசையாகப் பின்னால் போயின. "இவுகளுக்கும் டிக்கெட்டாம்மா?" என்பார் கண்டக்டர்.

இப்போது அந்த மீன்பெட்டி இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை, செம்மஞ்சளாய் எரிந்து கையைச் சுடும் குண்டு பல்பையும் கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்றைய விளக்குகள் நல்ல வெளிச்சம் தருகின்றன. அடைகிடக்க மட்டும் தெரியவில்லை அவற்றுக்கு. எம்.ரெட்டியபட்டியில் வாக்கப்பட்ட அக்கா, தோட்டத்துக் கொட்டகை நிறைய நாட்டுக்கோழி வளர்க்கிறாள். எல்லாம் செம்பியின் வம்சம் என்று அடித்துச் சொல்கிறாள். எனக்கு மறுத்துப் பேசத் தைரியமில்லை.

இரண்டாவது கருவியும் காலை வாரியதும் அவளுக்குத்தான் போன் போட்டேன். ஹீட்டர் என்ன வகை, ஒயர் என்ன கனம், கடைக்காரன் எப்படி ஏமாற்றினான் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். பின்னால் சேவல்கள் கூவிக்கொண்டிருந்ததால், அதை எங்கே மாட்டியிருக்கிறாய் என்று அவள் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"ஒயர் மிச்சம்னு ஹீட்டருக்கு நேர் மேலயே மாட்டிட்டேங்க்கா."

"முட்டைக எங்கலே படுத்திருக்கு?" என்றாள்.