மூன்றாம் வகுப்பு பெஞ்ச்

வேங்கிக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில், மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். அங்கே வரும் கோமதி அக்கா, ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவர். வகுப்பில் அவர் எழுத்து கோணிக்கொண்டு போகும். வீட்டுப்பாட நோட்டிலோ அச்சடித்த மாதிரி வரிகள்.

அவர் மகள் பத்தாவது படிக்கிறாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று நாள் அந்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, பேனா அழுத்தத்தைக்கூட ஆராய்ந்தேன். நான்காம் நாள் எல்லோர் முன்பும் கேட்டுவிட்டேன்.

"இது யாருங்க எழுதிக் குடுத்தது?"

"நான்தாங்க மிஸ் எழுதுனேன்."

"அப்போ இங்க எழுதிக் காட்டுங்க."

பெஞ்சில் உட்கார்ந்தபடி எழுதினார். வழக்கம்போல் கோணல். "பாத்தீங்களா" என்று மற்றவர்களிடம் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சிலிருந்து முட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டைக் கீழே வைத்துக் குனிந்து எழுதினார். அதே அச்சு எழுத்து: 'நான்தான் எழுதினேன்.'

"வீட்ல இப்படித்தான் மிஸ் எழுதுவேன். இதுல கால நுழைக்கறதே பெரும்பாடு. கைய எங்க வைக்கறது?"

பெரியவர்களுக்குக் கற்பிக்கும் முறைகள் பற்றிய கையேட்டை நான் வரி விடாமல் படித்திருந்தேன். அக்காவைச் சந்தேகப்பட்டேன், அவர் மகளைச் சந்தேகப்பட்டேன். பெஞ்சைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

மறுநாள் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தேன். கோமதி அக்கா வந்தார். முன்வரிசையில்தான் உட்கார்ந்தார். வீட்டுப்பாட நோட்டை மட்டும் என்னிடம் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.