அக்கா அடையாளம் காட்டிய லாரி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். நம் குடும்பத்தில் பலருக்கு அக்கா செய்த வேலை பிடிக்கவில்லை. கல்யாண வீடுகளில் அவர் வருவதைப் பார்த்ததும் பேச்சை மாற்றியவர்கள் உண்டு. ஆற்றில் குப்பை பொறுக்குகிறவர் என்று கேலி செய்தவர்களும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருடைய ஒரே தங்கை என்ற முறையில், நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அக்கா பிறந்தது சாஆ என்ற ஊருக்கு அருகே, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டம் ஒன்றில். அப்பா குலை வெட்டினார். அம்மாவுக்கு மருந்தடிக்கும் வேலை. பம்பை முதுகில் சுமந்து களைக்கொல்லி தெளித்துவிட்டு அம்மா வீடு திரும்பும்போது கால் நகங்கள் கறுத்திருக்கும். சில விரல்களில் நகமே இருக்காது. கையுறையும் காலணியும் ஏன் தரவில்லை என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. அம்மாவின் வேலை உடுப்பைத் தனியாக அலசிப் போடுவது அக்காவின் பொறுப்பு. என்னை அந்த வாளியின் பக்கமே விடமாட்டார். அம்மா இளம் வயதிலேயே போய்விட்டார். பிறகு எனக்கு அம்மாவாக இருந்தவர் அக்காதான். தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது அப்பாவையும் என்னையும் ஸ்கூடாய் நகருக்கு அழைத்து வந்தவர் அவர். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு தம் படிப்பை நிறுத்திவிட்டு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்.

அத்தானை மணந்த பிறகு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் வீடு அமைந்தது. பின்கதவைத் திறந்தால் சிற்றாறு, அதற்கு அப்பால் செம்பனைக் காடு. அத்தான் லாரி ஓட்டினார். மகள் பிறந்தாள். அந்தச் சில ஆண்டுகளில்தான் அக்கா கொஞ்சம் சதை போட்டார், கொஞ்சம் சிரித்தார்.

மகள் பள்ளியில் சேர்ந்த சமயம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டை வெட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். எங்கிருந்தோ கப்பலில் வந்த பிளாஸ்டிக் கழிவை அங்கே அரைத்தார்கள், உருக்கினார்கள், தேறாததை எரித்தார்கள். கொடியில் காய்ந்த துணியைத் தட்டினால் கரித்தூள் கொட்டியது. மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது. இன்ஹேலர் இல்லாமல் அவள் பள்ளிக்குப் போனதில்லை. ஆற்று நீரில் நுரை கட்டியது. மீன் பிடிக்க வந்தவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற தாதியான மலாய் அம்மையார் ரொக்கியா, அத்தை என்ற பொருளில் நாங்கள் மக்சிக் என்று அழைப்பவர், ஏற்கெனவே சிலரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆற்றோரம் குப்பை அள்ளிவந்தார். அக்கா அந்தக் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த பிறகு அது குப்பை அள்ளுவதோடு நிற்கவில்லை. பழைய சமையல் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் வாங்கிவந்து சோப்பு காய்ச்சினார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போனார்கள். கரை சரியும் இடங்களில் மூங்கில் நட்டார்கள். கோயில் அன்னதானத்தில் நுரைப் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கைவிட்டுத் தட்டில் பரிமாறும்படி அக்கா கேட்டபோது, தட்டை யார் கழுவுவது என்றார் நிர்வாகத் தலைவர். அந்த ஆண்டுத் திருவிழா முழுவதும் அக்காவும் மக்சிக்கும் குழுப் பெண்களும்தான் குழாயடியில் உட்கார்ந்து கழுவினார்கள்.

ஆலையை மட்டும் அசைக்க முடியவில்லை. புகார் கொடுத்தால் அதிகாரிகள் வருவார்கள். அவர்கள் வரும் நாளில் கொட்டகை பூட்டியிருக்கும், புகை இருக்காது. யார் கழிவைக் கொண்டுவருகிறார்கள், மிஞ்சும் கசடை எங்கே கொட்டுகிறார்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். ஆகவே குழுவினர் ஒரு நாள் விடிகாலையில் மண்சாலை திரும்பும் இடத்தில் காத்திருந்தார்கள்.

லாரி வந்தது. ஆற்றோரம் பின்பக்கமாக நின்று கசடு நிறைந்த தோம்புப் பீப்பாய்களை உருட்டித் தள்ளியது. மக்சிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தீபாவளிக்கு அத்தானின் லாரியில் அவரே ஒட்டிய படம் அது. மக்சிக்குக்கும் புரிந்துவிட்டது. கைப்பேசியைத் தாழ்த்தினார். இதை விட்டுவிடலாம், வேறு லாரி வரும்போது எடுத்துக்கொள்வோம் என்று மெதுவாகச் சொன்னார். அக்கா மலாயில் சொன்ன பதிலை மக்சிக் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“நாளைக்கும் இதே லாரிதான் வரும், மக்சிக். நம்பர் தெரியிற மாதிரி எடுங்க.”

அன்று மாலை அத்தான் வேலை முடிந்து வந்தபோது நானும் அந்த வீட்டில் இருந்தேன். அக்கா தேநீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கேட்டார். அத்தான் மறைக்கவில்லை.

“கம்பெனில ஏத்துறாங்க, சொன்ன எடத்துல எறக்குறேன். உள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கல.”

“பிள்ளை மூச்சு விட முடியாம கெடந்தப்பவும் கேக்கலீங்களே,” என்றார் அக்கா. “நம்பரோட படம் எடுத்தாச்சு. உங்ககிட்ட சொல்லிட்டு அனுப்பணும்னுதான் மக்சிக் இன்னும் அனுப்பாம வச்சிருக்காங்க.”

அத்தான் மகளின் அறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அக்காவோடு புறப்பட்டு அரசாங்க அலுவலகத்துக்குப் போய், எங்கிருந்து ஏற்றினார், எங்கெல்லாம் இறக்கினார் என்பதைத் தம் வாயாலேயே சொன்னார். அவருடைய வேலை போயிற்று. ஆலைக்கு முத்திரை வைத்தார்கள்.

இதை வெற்றி என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். வீட்டில் அப்படி இருக்கவில்லை. வாசல் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டிருந்தது. காரின் கண்ணாடி உடைந்து கிடந்தது. ஆலையில் கழிவு பிரிக்கும் வேலை செய்த தாமான்காரர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். பக்கத்து வீட்டுச் செல்வியின் கணவர் அவர்களில் ஒருவர். அவருக்கு வேறு வேலை கிடைக்க நெடுநாள் ஆயிற்று. அதுவரை தினமும் வேலிக்கு மேல் குழம்புக் கிண்ணம் கைமாறிய அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே பேச்சு நின்றது. அக்கா ஒருமுறை சமாதானம் பேசப் போனார். செல்வி கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா திரும்பி வந்து, அவங்க கோபம் நியாயம் என்று மட்டும் சொன்னார்.

பிறகு அத்தானுக்குப் பண்டார் தெங்காரா என்ற ஊர்ப் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி கிடைத்தது. ஒரு நாள் அங்கே காட்டுக்குள் புகை எழுவதைப் பார்த்துவிட்டுப் போய் எட்டிப் பார்த்திருக்கிறார். பெயர்ப் பலகை வேறு. இயந்திரங்கள் அதே இயந்திரங்கள். செய்தியைக் கேட்ட அன்று அக்கா சமைக்கவில்லை. என்னைத் தொலைபேசியில் அழைத்து, “நாம அத மூடல. தள்ளித்தான் விட்டுருக்கோம். இப்ப அங்க வேற பிள்ளைங்க இருமுது,” என்றார்.

அதன்பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் பண்டார் தெங்காராவில் கழிந்தன. மக்சிக்கின் காரில் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். எங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்தீர்களா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நாயை அவிழ்த்துவிட்டவரும் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சில பெண்கள் வெளியே வந்து பேசினார்கள். இம்முறை அக்கா ஆலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்பதையும் கேட்டுக்கொண்டே போனார். அந்த ஆலை இதை எழுதும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்கு இருமல் தொடங்கியதை நாங்கள் எல்லோரும் தூசி என்று நினைத்தோம். மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தபோது நுரையீரலில் புற்று பரவியிருந்தது. புகையிலையைத் தொட்டுப் பார்க்காதவர். அந்தப் புகைதான் காரணமா என்று அக்கா மருத்துவரிடம் கேட்டார். அப்படி உறுதியாகச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. குழுவின் அடுத்த பிரசாரத்துக்கு அக்காவின் படத்தைப் போட்டு, புகை செய்த வேலையைப் பாருங்கள் என்று எழுதலாம் என்றார்கள் சிலர். அது அவர் காதுக்குப் போயிற்று. ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து விலக்கிவிட்டு மக்சிக்கிடம் பேசினார்.

“என் படம் வேணாம். நிரூபிக்க முடியாதது ஒண்ணச் சொன்னா, நாம நிரூபிச்சதையும் நம்ப மாட்டாங்க.”

மெலிந்து எலும்பாகிக் கிடந்த அந்த நிலையிலும் அவர் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. படம் போடப்படவில்லை. கடைசி வாரங்களில் பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. மகள் கையைப் பிடித்திருக்க, ஒரு காலை வேளையில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியருக்கும், வேலையை விட்டுவிட்டு அவர் கட்டிலருகே இருந்த அத்தானுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஊட்டிய மக்சிக் ரொக்கியாவுக்கும், வேன் பிடித்து இறுதிச் சடங்குக்கு வந்த பண்டார் தெங்காரா பெண்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. வந்து நிற்க மனமில்லாமல் தூரத்தில் இருந்தே வருந்திய உறவுகளுக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அக்காவைக் குளிப்பாட்டப் பெண்கள் கூடியபோது செல்வி வேலியோரமாக வந்து நின்றார். யாரும் அவரை அழைக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

“உங்க அக்கா மேல எனக்குக் கோவம் இன்னும் போகல,” என்றார். “ஆனா புகை நின்னதுலருந்து என் வீட்டு ஜன்னல் தொறந்தே கெடக்கு. குடத்த என்கிட்ட குடுங்க.”

முதல் குடம் தண்ணீரை அவர்தான் ஊற்றினார். அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன். செல்வி அவர்களே, உங்களுக்கு என் நன்றி.