இரவல் டப்பா

எங்கள் புகைப் பரிசோதனை நிலையத்தில் அவரை மூக்கு என்றுதான் கூப்பிடுவோம். முகத்தில் இருப்பது என்னவோ சின்ன மூக்குதான். ஆனால் கருவி எண்ணைக் காட்டுவதற்குள் வண்டியின் பின்னால் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, "எண்ணெய் எரியுது, தேறாது" என்பார். ஒரு நிமிடம் கழித்துக் கருவியும் அதையே சொல்லும். பத்தொன்பது வருடமாக அவருக்கு இதுதான் வேலை. நான் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, அவர் கையெழுத்துப் போட்ட தாளில் முத்திரை குத்துகிறவள்.

பழைய வண்டி வாங்கியவர் அதைத் தன் பேரில் பதிய எங்கள் தாள் வேண்டும். இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் விதி இன்னும் கறார். கருவியில் எண் சரியாக வந்தால் மட்டும் போதாது. வண்டியைத் தூக்கி, அடியில் கன்வெர்ட்டர், அதாவது புகையின் விஷத்தை முறிக்கிற டப்பா, குழாயோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் செல்லாது. இந்த விதிக்குக் காரணம் நம் ஆட்களின் புத்திதான். டப்பா விலை அதிகம். அதனால் பரிசோதனை நாளுக்கு மட்டும் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து, தாள் கைக்கு வந்ததும் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டிவிடுவார்கள். இரவல் நகை போட்டுக்கொண்டு விசேஷத்துக்குப் போகிற மாதிரிதான்.

பழைய வண்டி விற்கும் தரகர் ஒருவர் அப்படி ஒரே டப்பாவை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். அதன் ஓரத்தில் நசுங்கிய அடையாளம் ஒன்று உண்டு. முதல் தடவை மூக்கு அந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார். மேலாளர் உள்ளே கூப்பிட்டு, "எண் சரியா இருக்குல்ல? அப்புறம் என்னய்யா உனக்கு?" என்று காய்ச்சி எடுத்தார். அதற்குப் பிறகு தரகரின் வண்டி வந்தால் இவர் குனிந்து பார்ப்பார், நிமிர்வார், கையெழுத்துப் போடுவார். எனக்கும் தெரியும். நானும் குத்தினேன்.

ஒரு நாள் காலையில் தரகரோடு மூக்கின் தங்கை வந்து இறங்கினாள். அவள் புருஷனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவள், ஒருவழியாக ஒரு பழைய வேன் வாங்கிவிட்டாள். பெரிய இன்ஜின் மாற்றிய வேன். கியர் கம்பிக்காகத் தரையில் புதிதாக ஓட்டை போட்டு, தகடு வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள்.

"உன்கிட்ட சொல்லாம வாங்கிட்டேன்னு கோவமாண்ணா? இனிமே யார் கையக் காலப் பிடிச்சும் வண்டி கேக்க வேண்டாம் பாரு" என்றாள். முகமெல்லாம் பல்.

வண்டியைத் தூக்கினார்கள். அடியில் அதே நசுங்கிய டப்பா, இரண்டு போல்ட்டில். மூக்கு பேனாவைத் திறந்தபடி நின்றார். தரகர் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். "தேறாதுன்னு தாராளமா எழுதுங்க சார். ஆனா இதே டப்பாவுக்கு நீங்க முன்னாடி போட்ட கையெழுத்தையும் சேத்து எழுதணும்ல?"

அவர் கையெழுத்துப் போட்டார். நான் குத்தினேன். போகும்போது தங்கையிடம், "கண்ணாடிய எப்பவும் இறக்கியே வைம்மா. மறந்துடாத" என்றார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"சரிண்ணா, சரி. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சம்பளம் வந்ததும் நல்ல டப்பா ஒன்று வாங்கித் தானே பற்றவைத்துத் தருவதாக அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். சம்பளத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஆறாம் நாள் அடைமழை, நடுக்கும் குளிர். ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தி, புருஷன் நனையாமல் இருக்கக் கண்ணாடிகளை ஏற்றி, சூட்டுக்காக இன்ஜினை ஓடவிட்டு, அவள் சீட்டு வாங்க உள்ளே போனாள். வரிசை நகரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியவள், அவர் தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாளாம். தரகர் டப்பாவைக் கழற்றிக்கொண்டு மாட்டிவிட்ட வெறும் குழாயின் இணைப்பு, வேனின் தரையில் போட்ட அந்த ஓட்டைக்கு நேர் கீழே கசிந்துகொண்டிருந்தது.

அவர் இறந்த மூன்றாம் நாள் நானும் மூக்குடன் துக்க வீட்டுக்குப் போனேன். அண்ணனைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"நீ படிச்சுப் படிச்சு சொன்னியேண்ணா, கண்ணாடிய இறக்கி வையின்னு! நான்தானே ஏத்திட்டுப் போனேன். நானே அவர கொன்னுட்டேன்."

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லிவிடக் கூடாதே என்றும் பயந்தேன். அந்தத் தாளில் இருப்பது என் முத்திரை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் அவள் தலையைத் தடவினார். "மழைன்னா யாரா இருந்தாலும் ஏத்தத்தான்மா செய்வாங்க" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? எங்க அண்ணன் ஒரு வார்த்த கூட என்னைக் குத்தம் சொல்லல" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.