இருவருக்கும் ஒரே வக்கீல்

பிரிந்துவிடலாம் என்று நானும் கணவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. பெங்களூரு அடுகோடியில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மூலமாகப் பேசிக்கொண்டிருந்தோம். "பால் வாங்கிட்டு வரச் சொல்லு" என்பேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் அவரிடம் திரும்பி, "அப்பா, பால்" என்பாள்.

ஒரு சனிக்கிழமை அவளை டான்ஸ் கிளாசில் விட்டுவிட்டு, பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி பிரேசர் டவுன் போனேன். அலுவலகத் தோழி சொன்ன வக்கீலின் ஆபீஸ் அங்கே மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்தால், வண்டியை சர்வீஸுக்கு விடுவதாகக் கிளம்பிய என் கணவர் உட்கார்ந்திருந்தார். தோழியின் கணவரும் இவரும் ஒன்றாக ஷட்டில் ஆடுகிறவர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

நடுவில் நின்று பேச மகள் இல்லை.

"பல்லு எப்படி இருக்கு?" என்றார்.

"வண்டி ரெடியாயிடுச்சா?" என்றேன்.

வக்கீல் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். எங்களைப் பார்த்து, "ஜோடியா வந்திருக்கீங்க. என்ன விஷயம்?" என்றார்.

"டைவர்ஸ் மேடம்" என்றோம் இருவரும். பல மாதங்களில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"சண்டை போடறதா இருந்தா நான் ஒருத்தருக்குத்தான் ஆஜராக முடியும். சம்மதிச்சுப் பிரியறதா இருந்தா ஒரே மனுவா போட்டுடலாம்."

"நான்தான் முதல்ல வந்தேன்" என்றார் கணவர்.

"நான் போன வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்" என்றேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "என்னையே பங்கு போட முடியல, குழந்தைய என்ன பண்ணுவீங்க? கீழ பேக்கரி இருக்கு. பேசி முடிச்சுட்டு வாங்க."

பேக்கரியில் டீயும் பஃப்ஸும் வாங்கினோம். மகளை விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் வரிந்துகட்டிக்கொண்டிருந்தேன். அவரோ, "ஸ்கூல் நாள்ல உன்கூட இருக்கட்டும். எனக்குத் தலை பின்னத் தெரியாது" என்றார்.

"அப்ப கன்னட ஹோம்வொர்க்?"

அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது. நான் ஆம்பூரிலிருந்து வந்தவள். கன்னட எழுத்துக்குக் கீழே தொங்கும் குட்டி எழுத்துகள் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"சாயங்காலம் வந்து சொல்லிக்குடுக்கறேன்" என்றவர், டம்ளரைப் பார்த்தபடி, "லீவு நாள்ல மட்டும் வந்து பாக்கற அப்பாவா ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றார்.

எனக்கும் அதே பயம் இருந்தது, அம்மா என்பதுதான் வித்தியாசம். மிச்சமிருந்த பஃப்ஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பேசியதையெல்லாம் வக்கீல் மனுவில் எழுதினார், ஹோம்வொர்க் உள்பட. குடும்ப நீதிமன்றத்தில் எங்களோடு பேசிய சமரச அலுவலர் அந்த வரியில் நின்றுவிட்டார். இது என்ன என்று கன்னடத்தில், "ஏனிது?" என்றார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விளக்கினேன். கேட்டு முடித்ததும், இது அவசியம்தான் என்று தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

பிறகு மகளைத் தனியே கூப்பிட்டு, யாரோடு இருக்க ஆசை என்று கேட்டாராம். "நீங்க யார்கூட இருக்கீங்க ஆன்ட்டி?" என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். மாமியாரோடு என்று சொல்லி அவர் பெருமூச்சு விட்டாராம். வெளியே வந்து இவள்தான் சொன்னாள், அந்த ஆன்ட்டி பாவம் என்று.

நீதிமன்றம் கொடுத்த அவகாசத்திலும் நாங்கள் மனம் மாறவில்லை. தீர்ப்பு வந்த அன்று நல்ல மழை. ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. அவர் தன் வண்டியை என் முன்னால் நிறுத்தி, "ஏறு, வீட்ல விட்டுட்டுப் போறேன்" என்றார். ஏறினேன். எந்த வழியாகப் போனால் டிராஃபிக் குறைவு என்று அடுகோடி வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனோம்.