அத்தை கட்டிய வினைச்சொற்கள்

அத்தை அதிகம் பேசமாட்டாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் காய்ச்சலில் செத்த பிறகும் கொஞ்ச காலம் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டு, பாதி ஆளாக இளைத்து, பீளமேட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அங்கே எப்படி இருந்தாய் என்று எங்கள் வீட்டில் யாரும் அவளைக் கேட்டதாக நினைவில்லை. கேட்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. அப்பா பஞ்சாலையில் மேஸ்திரி. சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார், தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் சாய்ந்துவிடுவார். அம்மா ஒரு பிள்ளை பெற்றுத் தேறுவதற்குள் அடுத்ததைச் சுமந்துகொண்டிருப்பாள். ஆகவே வீட்டு வேலை முழுக்க அத்தை தலையில் விழுந்தது. விடிந்ததிலிருந்து அவள் காதில் விழுந்ததெல்லாம் எடு, வை, கொண்டா, போ என்பதுதான்.

பள்ளியில் வினைச்சொல் பாடம் நடந்த அன்று, அத்தை மாவாட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே குழவியைச் சுற்றினவள், "நாமளே ஒரு பாஷை செஞ்சுக்கலாமா கண்ணு?" என்றாள்.

பெயர்ச்சொற்கள் சிரமம் கொடுக்கவில்லை. சோற்றுக்கு ‘பிலா’, தண்ணீருக்கு ‘நுமி’ என்று ஒரே மத்தியானத்தில் வீட்டிலிருந்த சாமானுக்கெல்லாம் பேர் வைத்துவிட்டோம். வினைச்சொல்லில்தான் மாட்டிக்கொண்டோம். போவதற்கு ‘மிலு’ என்று வைத்தாகிவிட்டது. போனான், போனாள், போனார் என்பதற்கெல்லாம் தனித்தனி விகுதி வேண்டும் என்றேன் நான்.

"யாரு போனாலும் போனது ஒண்ணுதானே. ஒண்ணே இருக்கட்டும்" என்றாள் அத்தை.

அப்படியாக அப்பாவும் ‘மிலுனோ’, எங்கள் எருமையும் ‘மிலுனோ’ என்று ஆயிற்று. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"வா, எடு அப்படிங்கறதெல்லாம் எப்படிங்க அத்தை?"

"அது நமக்கு வேண்டாம்."

"அப்பறம் தண்ணி வேணும்னா எப்படிங்க கேக்கறது?"

"தாகமா இருக்குதுன்னு சொல்லு. மனசிருக்கறவங்க கொண்டாந்து குடுப்பாங்க."

எதிர்மறைக்குத்தான் நாள் பிடித்தது. அத்தை அதற்கு இரண்டு வகை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். போக முடியவில்லை என்றால் ‘மிலுகே’. போக மாட்டேன் என்றால் ‘மிலுசா’. எப்படிச் சொன்னாலும் ஆள் போகப்போவதில்லை, பிறகு எதற்கு இரண்டு என்று நான் வாதாடினேன். அத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"ரெண்டும் வேற கண்ணு. முடியலைங்கறது ஒடம்பு சொல்றது. மாட்டேங்கறது நாம சொல்றது."

எனக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் மனப்பாடம் செய்துகொண்டேன். ‘மிலுசா’ என்ற சொல்லை அவள் பாத்திரம் துலக்கும்போதும் துணி அலசும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள்.

ஐப்பசித் தூறலில் ஒரு நாள் அத்தையின் கொழுந்தனார் வந்தார். அம்மா காப்பி வைத்துக் கொடுத்தாள். தன் தாய்க்குக் கையும் காலும் விழுந்துவிட்டது என்றும், படுக்கையில் வைத்துப் பார்க்க ஆளில்லை என்றும் சொன்னார். "அண்ணியக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார்.

அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அதுதான முறைங்க" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏம்மா, மாமியாருக்கு முடியலையாம். நாளைக்குக் கெளம்பறயா?" என்று கேட்டார்.

அத்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அண்ணன் சொல்லுக்கு அவள் மறுசொல் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதும் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, "மிலுசா" என்றாள்.

"என்ன சொல்றா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் பாஷையை மதித்து ஒரு பெரிய மனிதர் அர்த்தம் கேட்கிறார். "அத்தை போகலீங்களாமுங்க" என்றேன்.

அப்பா கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "முடியலைங்கறாளா, மாட்டேங்கறாளா?"

"மாட்டாங்களாமுங்க. முடியலைன்னா ‘மிலுகே’ன்னு சொல்லியிருப்பாங்க" என்று சொல்லி, வந்தவருக்கும் புரியட்டும் என்று இலக்கணத்தை முழுக்க விளக்கினேன். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லச் சொல்லு" என்றார் அப்பா.

அத்தை சொன்னாள். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள். கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். குழவி சுற்றின அலுப்பு போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

"அவ இங்கயே இருக்கட்டுங்க மாப்பிள்ளை" என்று அப்பா, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

வந்தவர் காப்பியைத் தொடாமல் எழுந்து தூறலில் இறங்கிப் போனார். அந்த வீட்டோடு எங்களுக்கு அன்றோடு போக்குவரத்து நின்றது. மாமியார் செத்ததற்குக்கூட எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பங்காளிகள் வெகுகாலம் வரை அப்பாவைத் தங்கச்சிக்கு அடங்கினவர் என்று பேசினார்கள். அன்று வந்தவர் இறங்கியதும் அப்பா போய்ப் படுத்துக்கொண்டார். ஆறிப்போன காப்பியை அம்மா ஒரு முறை பார்த்தாள். பிறகு அதைச் சூடு பண்ணி அத்தை கையில் கொடுத்தாள். அத்தை அதைக் குடித்துவிட்டு, எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

மறுநாள் பள்ளிவிட்டு ஓடி வந்தேன். எதிர்காலம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. நாளைக்குப் போவேன், நாளைக்கு வருவேன் என்பதற்கெல்லாம் நாங்கள் இன்னும் எதுவும் வைக்கவில்லை. அத்தை பட்டப்பகலில் அடுக்களை ஓரம் தலைக்குக் கையை வைத்துப் படுத்திருந்தாள். அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை.

"எதிர்காலத்துக்கு என்னங்க அத்தை வைக்கறது?"

"போதும் கண்ணு. சலிச்சுப் போச்சு" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு அந்தப் பாஷையில் அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை தூரம் கட்டிவிட்டு யாராவது இப்படி நடுவில் விடுவார்களா? எதிர்காலத்துக்கு விகுதி கண்டுபிடிக்கத் தெரியாமல்தான் தூங்குகிற மாதிரி கிடக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு, அவள் முதுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘மிலுவி’, ‘மிலுரோ’, ‘மிலுதே’ என்று நானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.